கறையான் தின்னாத கட்டை



நபி ஸுலைமான் (அலை) அவர்கள் ஊன்றி நின்ற கைத்தடியைக் கறையான் அரித்த சம்பவம் நம் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். தடி ஒடிந்து அவர்களது உடல் கீழே விழும்வரை, அவர்கள் வபாத்தாகிவிட்டார்கள் என்பதை ஜின்கள் அறியவில்லை. மறைவான அறிவு ஜின்களுக்கு இல்லை என்பதற்காகவே அதை பயான்களில் சொல்வார்கள். மரத்தோடு பழகுகிறவர்கள் அதில் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். வெளியே முழுதாகத் தெரிகிற மரம் உள்ளே வெறும் கூடாக இருக்கலாம்.

இதற்கு நேர்மாறான ஒரு கட்டையும் நம்மிடையே புழங்குகிறது. பழைய சிலிப்பர் கட்டை, பழைய மரத் தந்திக்கம்பம், பழைய மின்கம்பம். "கறையான் கிட்டவும் வராது" என்று சொல்லித்தான் விற்பார்கள், அது பெரும்பாலும் உண்மையும்கூட. வாங்கியவர்கள் வேலிக்கு நடுகிறார்கள், மாட்டுக்கொட்டிலுக்குத் தூணாக்குகிறார்கள். அறுத்து மிஞ்சிய துண்டுகள் அடுப்புக்குப் போகின்றன. இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இதை எழுதத் தொடங்கினோம். ஆனால் அந்தக் கட்டைக்குள் என்ன இருக்கிறது, யார் ஏற்றினார்கள், அது எத்தனை காலம் உள்ளே இருக்கும் என்பது தெரியாமல் "எரிக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே கொஞ்சம் சரித்திரம். பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரம் தானாக உக்குவதில்லை. அதைத் தின்ன ஒன்று வரவேண்டும்: கறையான், வண்டு, பங்கசு, கடலில் என்றால் கப்பல் புழு. முதிரையும் பாலையும் நீடித்து நிற்பதற்குக் காரணம், அந்த மரங்கள் உயிரோடு இருக்கும்போதே தம் வைரப்பகுதியில் சேர்த்துவைக்கும் சில பொருட்கள் இந்தத் தின்னிகளுக்கு ஒத்துவராததுதான். அதே மரத்தின் வெளிச்சுற்றில் உள்ள வெள்ளைப்பகுதியை நட்டுப் பாருங்கள், சில வருடங்களில் பொடியாகிவிடும். நம் மூத்தவர்கள் வெள்ளையைச் செதுக்கி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் நட்டது இதனால்தான்.

வைரம் உள்ள மரம் எல்லாருக்கும் கிடைக்காதே. அங்கேதான் மனிதன் வெளியிலிருந்து பூசத் தொடங்கினான். 1183இல் ஹஜ்ஜுக்காக கிரனாடாவிலிருந்து புறப்பட்ட இப்னு ஜுபைர், செங்கடலின் ஆபிரிக்கக் கரையிலிருந்த ஐதாப் துறையில் ஜித்தாவுக்குக் கப்பல் ஏறினார். அங்கிருந்த மரக்கலங்களில் ஓர் ஆணிகூட இல்லை, எல்லாம் தேங்காய் நார்க்கயிற்றால் தைக்கப்பட்டவை என்று எழுதியிருக்கிறார். மரமும் கயிறும் இந்தியாவிலிருந்தும் யெமனிலிருந்தும் வந்தவையாம். தைத்து முடித்ததும் நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசுவார்கள், அவற்றில் சுறா எண்ணெயே சிறந்தது என்கிறார். அவர் சொல்லும் காரணமும் கவனிக்கத்தக்கது: அந்தக் கடலில் பாறைகள் அதிகம், முட்டினால் உடையாமல் வளைந்து கொடுக்க மரம் மெதுவாக இருக்கவேண்டும் என்பதற்காகவே எண்ணெய். பூச்சியைக் கொல்வதற்கு என்று அவர் எழுதவில்லை. இப்படிப் பூசிய எண்ணெய் மேற்பரப்பில்தான் நிற்கும். வெயிலும் தண்ணீரும் பட்டால் போய்விடும், திரும்பத் திரும்பப் பூசவேண்டும். இன்று வேலிக்கட்டையின் அடியில் நாம் பூசுகிற கழிவொயிலும் இந்த வகைதான். சில மாரி தாங்கும், அவ்வளவே.

மேலே பூசுவது போதாது என்பதை ஒரு நாடே பயந்துபோய்க் கற்றுக்கொண்டது 1731இல். நம் நாட்டின் கரையோரங்களை அப்போது ஆண்டுகொண்டிருந்த ஒல்லாந்தரின் சொந்த நாட்டில், கடலைத் தடுத்து நின்ற அணைக்கட்டுகளின் முன்பக்க மரங்கள் முறிந்து விழுந்தன. எடுத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடுபோல ஓட்டை. கப்பல் புழு என்று பெயர், ஆனால் அது புழுவே அல்ல, மட்டி இனத்தைச் சேர்ந்த உயிரி. தன் சிறு ஓட்டால் மரத்தை அரம்போல அராவி உள்ளே போகும். நுழைவாயில் ஊசிமுனை அளவு, உள்ளே சுரங்கமோ விரல் மொத்தம். நாட்டின் கணிசமான பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், இது இறை தண்டனை என்று தேவாலயங்களில் பிரசங்கம் செய்தார்கள். கடைசியில் அவர்கள் கண்ட பரிகாரம் மரத்தைக் காப்பாற்றியது அல்ல. மரத்தைக் கைவிட்டுப் பெரும் செலவில் வெளிநாட்டிலிருந்தும் கல்லை இறக்கிச் சரிவாக அடுக்கினார்கள்.

ஒரு நூற்றாண்டு கழித்துப் பிரித்தானியாவில் புகையிரதப் பாதை போடத் தொடங்கியபோது கல்லை வைத்துத் தப்பமுடியவில்லை. தண்டவாளத்தின் கீழ் மரம்தான் வேண்டும், அதுவும் இலட்சக்கணக்கில். ஈரமண்ணில் கிடக்கும் பைன் மரம் சில வருடங்களில் உக்கிவிடும். அந்தத் தேவை வந்த பிறகுதான் மரத்துக்கு மருந்தேற்றுவது ஒரு கைத்தொழிலாக மாறியது. 1832இல் ஜோன் ஹவார்ட் கயான் என்பவர் இரசத்தின் உப்பான மேர்க்குரிக் குளோரைட்டுக் கரைசலில் மரத்தை ஊறவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கொடிய நஞ்சு. இரும்பையும் அரித்துவிடும் என்பதால் இரும்புத் தொட்டியில் ஊற்றி அழுத்தம் கொடுக்க முடியாது, வெறுமனே ஊறத்தான் வைக்கலாம். பிரான்சில் பூஷெரி என்ற மருத்துவர், அப்போதுதான் வெட்டிய மரத்தின் அடியில் செப்பு சல்பேற்றுக் கரைசலைப் பாய்ச்சி, மரத்தின் சாறு மறுமுனையால் வெளியேறும்படி செய்தார். பேர்னெட் என்பவர் நாகக் குளோரைட்டைக் கொண்டுவந்தார். அது மலிவு. ஆனால் தண்ணீரில் இலகுவாகக் கரைகிற உப்பு. மழை அதை உள்ளே இருக்கவிடவில்லை. வரண்ட இடங்களில் ஓரளவு தாக்குப்பிடித்தது, ஈர இடங்களில் வருடா வருடம் கழுவுப்பட்டுப் போனது.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். மரத்துக்கு ஏற்றுகிற மருந்து தண்ணீரில் கரையவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போகாது. போன பிறகு கரையக்கூடாது, இல்லாவிட்டால் உள்ளே தங்காது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் ஏறக்குறைய நூறு வருடம் தீராமல் இருந்த கேள்வி.

1838இல் ஜோன் பெதெல் அந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போனார். தண்ணீரே வேண்டாம், எண்ணெயை ஏற்றுவோம் என்றார். பெரிய இரும்பு உருளைக்குள் மரத்தைத் தள்ளி மூடி, காற்றை உறிஞ்சி எடுத்து, பிறகு நிலக்கரித் தாரிலிருந்து வடித்த எண்ணெயை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தினார். மரத்தின் நுண்குழாய்களுக்குள் எண்ணெய் போய் நிரம்பியது. கிறியோசோட்டு என்று நாம் சொல்வது இதைத்தான். வெயிலில் தார் மணக்கும் கறுப்புச் சிலிப்பர் கட்டை இந்த முறையின் பிள்ளை. முறையாக ஏற்றினால் ஒரு கன மீற்றர் மரத்தில் நூறு கிலோகிராமுக்கு மேல் எண்ணெய் இருக்கும். தண்ணீரில் கரையாது, ஆகவே மழை கழுவாது. இப்படி ஏற்றிய கம்பங்கள் நாற்பது ஐம்பது வருடம் நின்றதெல்லாம் சாதாரணம். காலம் போகப்போக இலேசான பகுதி ஆவியாகும், கொஞ்சம் கீழே இறங்கி மண்ணில் ஊறும், மண்டிபோன்ற பாரமான பகுதி உள்ளேயே கிடக்கும். இதைத் தொட்டால் கையில் ஒட்டும், மேலே பெயின்ற் பிடிக்காது, வீட்டுக்குள் வைக்கமுடியாத மணம். ஆகவே உப்பு மருந்தைத் தேடுவது நிற்கவில்லை.

விடை வந்தது நமக்குப் பக்கத்திலிருந்து. வட இந்தியாவில் டெராடூன் நகரில் 1906இல் தொடங்கிய வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் என்ற விஞ்ஞானி வேலை செய்தார். உலகம் முழுவதும் எழுபது வருடம் ஆட்சி செய்யப்போகிற மருந்துக்கு 1933இல் காப்புரிமை எடுத்தவர் அவர். இந்தப் பெயரை நாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கண்டதில்லை. கயானையும் பெதெலையும் தேடினால் கிடைக்கிறது, காமேசத்தைத் தேடத்தான் கஷ்டப்பட வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

அவர் மூன்று பொருட்களைச் சேர்த்தார். செம்பு பங்கசுவைக் கொல்லும். ஆனால் சில பங்கசுக்கள் செம்புக்கு அசையாது, பூச்சிகளுக்கும் அது போதாது. அதற்கு ஆசனிக். இவை இரண்டும் கரையும் உப்புகள், தனியே விட்டால் கழுவுப்பட்டுவிடும். மூன்றாவதாகச் சேர்த்த குரோமியம்தான் கெட்டித்தனம். மரத்துக்குள் போனதும் மரத்தின் சொந்தப் பொருட்களோடு தாக்கமடைந்து, ஆறு வலுவளவுள்ள குரோமியம் மூன்று வலுவளவுக்கு இறங்குகிறது. அப்படி இறங்கும்போது செம்பையும் ஆசனிக்கையும் கரையாத சேர்வைகளாகப் பிடித்து மரநாரோடு பூட்டிவிடுகிறது. கரைசலாகப் போனது, கல்லாகத் தங்கியது. நூறு வருடக் கேள்விக்கு அதுதான் பதில். இந்தப் பூட்டு விழுவதற்கு வெப்பநிலையைப் பொறுத்து நாட்களோ வாரங்களோ ஆகும். அதற்குள் மழையில் போட்டால் கணிசமான அளவு போய்விடும். பூட்டு விழுந்த பிறகு கசிவது மிகச் சொற்பம். மருந்து புதிதாக இருக்கும்போது மரம் இலேசான பச்சை நிறமாக இருக்கும். இந்தியாவில் ஆசனிக், செம்பு ஆகியவற்றின் இரசாயனக் குறியீடுகளைச் சேர்த்து "அஸ்கு" என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நமக்குப் பெரிதாகப் படுகிறது. கிறியோசோட்டு எங்கிருந்து வந்தது? நகர விளக்குகளுக்கு நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த ஆலைகளில் மிஞ்சிய தாரிலிருந்து. ஆசனிக் எங்கிருந்து வந்தது? சுவீடனின் பொலிடன் சுரங்கக் கம்பனியின் தாதுவில் தங்கத்தோடும் செம்போடும் ஏராளமான ஆசனிக் சேர்ந்து வந்தது. அதை வைக்க இடமில்லாமல் பெரிய களஞ்சியங்களில் தேக்கிவைத்திருந்தார்கள். அதைக் கரைக்க வழி தேடியபோது மரமருந்தும் ஒரு வழியாயிற்று. பல நாட்டுச் சந்தைக்கு மரமருந்து விற்ற கம்பனிகளுள் அதுவும் ஒன்று. ஆகவே இந்த இரண்டு மருந்துமே, வேறோர் இடத்தில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த கழிவு மரத்துக்குள் குடிபுகுந்த கதை. கழிவு மறையவில்லை. இடம் மாறியது.

எத்தனை வருடம் தாங்கும் என்பதை யாராவது உட்கார்ந்து பார்த்தார்களா? பார்த்தார்கள். ஐக்கிய அமெரிக்காவின் வனப் பொருட்கள் ஆய்வுகூடம் 1938 அளவில் மிசிசிப்பி மாநிலத்தின் ஒரு பரிசோதனைக் காட்டில், வெவ்வேறு மருந்து ஏற்றிய பைன் முளைகளை வரிசை வரிசையாக நட்டது. வெப்பமும் ஈரமும் கறையானும் நிறைந்த, நம் நாட்டை நினைவூட்டும் இடம். முளை ஒவ்வொன்றும் ஒன்றரை அடி நீளம், பாதி மண்ணுக்குள். வருடாவருடம் பிடுங்கி, பார்த்து, குறித்து, திரும்ப நட்டார்கள். தொடங்கியவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள், அடுத்தவர்கள் தொடர்ந்தார்கள். மருந்து ஏற்றாத முளைகள் சராசரியாக மூன்று நான்கு வருடத்துக்குள் முடிந்தன. போதிய அளவு காமேசம் மருந்து ஏற்றிய முளைகளோ நாற்பது வருடம் தாண்டியும் விழாமல் நின்றன. குறைத்து ஏற்றியவற்றில் ஒரு பகுதி விழுந்தது. பரிசோதனைக் கூடத்தில் கொதிக்கவைத்தும் குளிரவைத்தும் காலத்தைச் சுருக்கிப் பார்க்கும் முறைகள் இருக்கின்றன. ஆனால் இப்படி மண்ணில் நட்டு ஆயுள் முழுக்கக் காத்திருந்து பெற்ற பதிலுக்கு அவை ஈடாகா என்பது நம் அபிப்பிராயம்.

இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. மேலே சொன்னவை பைன் முளைகள். பைன் போன்ற மென்மரம் மருந்தைச் சீராகக் குடிக்கும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் யூகலிப்டஸ் கம்பங்களுக்கு இதே மருந்தை ஏற்றி நட்டிருந்தார்கள். 1970களில் அவற்றில் பல, எதிர்பார்த்ததைவிட மிக முன்னதாகவே, மண்மட்டத்தில் மெதுவாகிக் கிடக்கக் கண்டார்கள். வன்மரத்தின் குழாய்களில் மருந்து நிறைந்திருந்தது, பாரத்தைத் தாங்கும் நார்க்கலங்களின் சுவருக்குள் போதியளவு போகவில்லை. நாருக்குள் புகுந்து தின்னும் ஒருவகைப் பங்கசுவுக்கு அந்த இடைவெளி போதுமாக இருந்தது. நம் நாட்டு மரங்களில் அநேகம் வன்மரம் என்பதால் இது நமக்கும் பொருந்தும். அதுபோக, எந்த மரமானாலும் மருந்து ஏறுவது பெரும்பாலும் வெளிச்சுற்றில்தான். மருந்தேற்றிய கம்பத்தை வாங்கிவந்து குறுக்கே அறுத்து, மருந்து ஏறாத நடுப்பகுதி தெரிகிற வெட்டுமுகத்தை மண்ணுக்குள் வைத்து நட்டுவிட்டு, "கறையான் பிடிக்காது என்றார்களே" என்று கோபிப்பவர்கள் உண்டு. வாசலை நாமே திறந்து வைத்துவிட்டோம், வேறென்ன. கம்பத்தின் பழைய அடிமுனை கீழேயும் அறுத்த முனை மேலேயும் இருக்கவேண்டும்.

இப்போது அடுப்புக்கு வருவோம்.

ஒரு கணக்கு. மண்ணில் நடுவதற்கு ஏற்றுகிற வழக்கமான அளவின்படி, காமேசம் வகை மருந்தேற்றிய மரத்தில் ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய 6.4 கிலோகிராம் மருந்து இருக்கும். அதில் ஆசனிக் மட்டும் 1.4 கிலோகிராம் அளவு. நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலம், பன்னிரண்டு அடி நீளமுள்ள ஒரு கட்டையில் ஏறத்தாழ 50 கிராம் ஆசனிக். கட்டை நிற்கும்வரை அது பூட்டுப்பட்டுக் கிடக்கிறது. நெருப்பு அந்தப் பூட்டைத் திறந்துவிடும். ஒரு பகுதி புகையோடு போகும், மிச்சம் சாம்பலில் செறிந்து நிற்கும். மரம் எரிந்துபோகும், உலோகம் எரியாது. நாம் வகுப்பில் படிப்பிக்கிற திணிவுக் காப்பு விதி இதுதான்.

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், நாட்டுப்புறத்தில் வாழ்ந்த எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் கதை 1984இல் ஒரு மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. சில வருடங்களாக அவர்களுக்குத் தோலில் சொறி, மூச்சுத் தொல்லை, தசைப்பிடிப்பு, முடி கொட்டுதல். விசித்திரம் என்னவென்றால் குளிர்காலத்தில் கூடும், கோடையில் குறையும். குளிர்காலத்து நோய் என்றே யாரும் நினைத்திருப்பார்கள். கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் அடுப்பில் அவர்கள் எரித்தது மருந்தேற்றிய மரத்துண்டுகள். வீட்டுத் தூசியிலும் அவர்களின் முடியிலும் நகத்திலும் ஆசனிக் இருந்தது. அவர்கள் செய்ததெல்லாம் மிச்சப் பலகையை வீணாக்காமல் விறகாக்கியதுதான். நம் வீட்டிலும் அதைத்தானே சிக்கனம் என்று சொல்லித் தந்தார்கள்.

பிறகு கேள்விகள் கூடின. சிறுவர் விளையாடும் ஊஞ்சல், சறுக்குப் பலகை, வீட்டுத் திண்ணை எல்லாம் இந்த மரத்தில் செய்யப்பட்டிருந்தன. தொட்ட கையில் சிறிதளவு ஆசனிக் ஒட்டுவதையும், திண்ணையின் கீழ் மண்ணில் அது சேர்வதையும் ஆய்வுகள் காட்டின. 2003 டிசம்பர் 31உடன், வீட்டுப் பாவனைக்கான பெரும்பாலான மரங்களுக்கு இந்த மருந்தை ஏற்றுவதை ஐக்கிய அமெரிக்காவின் உற்பத்தியாளர்கள் அரசாங்கத்தோடு உடன்பட்டு நிறுத்தினார்கள். ஐரோப்பாவும் அடுத்த வருடம் கட்டுப்படுத்தியது. மின்கம்பம் போன்ற தேவைகளுக்கு ஐக்கிய அமெரிக்காவில் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள். பதிலுக்கு வந்த மருந்துகளில் ஆசனிக் இல்லை, செம்பு அதிகம். அவற்றால் சாதாரண ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கிறது, ஆணியை மாற்றவேண்டியதாயிற்று. செம்பு கசிந்தால் மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் கேடு. வீட்டுக்குள் இருக்கும் றப்பர் மரத் தளபாடங்களுக்கு ஏற்றுகிற போரன் உப்பு மனிதருக்கு இவற்றைவிட மிகச் சாது. ஆனால் பழைய நாகக் குளோரைட்டைப்போல மழை பட்டால் கழுவுப்பட்டுவிடும், வெளியே நடமுடியாது. நீண்டகாலம் தங்குவதும் யாருக்கும் தொல்லை தராததும் ஒரே மருந்தில் சேர்ந்து வருவது இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நிறுத்தியது புதிதாக ஏற்றுவதை மட்டும்தான். ஏற்கனவே நட்டவை நின்றன. புகையிரதப் பாதை கொங்கிறீட்டுக்கு மாறும், மின்கம்பம் கொங்கிறீட்டுக்கு மாறும், அந்த மரத்துக்குரிய வேலை முடிந்துவிடும். மருந்தின் ஆயுள் முடியாது. அந்த இடைவெளியில்தான் கட்டை மரக்காலைக்கும் அங்கிருந்து நம் வளவுக்கும் வந்து சேர்கிறது.

எல்லாப் பழைய கட்டையும் நஞ்சு என்று நாம் சொல்லவில்லை. வைரமான நாட்டு மரத்தில் அறுத்து, எதுவும் ஏற்றாமல் போட்ட சிலிப்பர்களும் உண்டு. தெரிந்துகொள்ள ஒரு வழி, ஒரு முனையைப் புதிதாக அறுத்துப் பார்ப்பது. வெளிச்சுற்று கறுத்து, நடு வேறு நிறமாக, தார் மணம் வந்தால் கிறியோசோட்டு. வெளிச்சுற்றில் மட்டும் பச்சை படிந்திருந்தால் செம்பு சேர்ந்த மருந்து. பிந்தியது வெயிலில் பல வருடம் நின்றால் மேலே வெறும் சாம்பல் நிறமாகிவிடும், மணமும் இராது. விறகுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சந்தேகமென்றால் எரிக்காமல் விடுவதுதான்.

கிறியோசோட்டுக் கட்டையும் அடுப்புக்கு ஆகாது. எண்ணெய் இருப்பதால் நன்றாகப் பற்றும், அதனால்தான் கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் கிடாரம் ஏற்றுகிற இடத்தில் அதற்கு ஆசைப்படுவார்கள். அந்தக் கரும்புகையில் புற்றுநோயோடு தொடர்புள்ள சேர்வைகள் உண்டு. கிறியோசோட்டே மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. அடுப்படியில் மணிக்கணக்காக நின்று கிளறுபவர் யார் என்பதை ஒருமுறை யோசியுங்கள்.

வேலிக்கு நட்டவர்கள் பிடுங்கத் தேவையில்லை, நின்றபடியே நிற்கட்டும். கிணற்றோரத்தில் நடவேண்டாம். ஆடு மாடு நக்கிக் கடிக்கிற இடத்தில் வைக்கவேண்டாம். அறுப்பதானால் வெளியில், மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, கீழே சாக்கு விரித்து அறுத்து, தூளைக் கூட்டி எடுத்துவிடுங்கள், கோழிக்கூட்டில் விரிக்கவேண்டாம். மிஞ்சிய துண்டை மழை படாத ஓரமாக வைத்திருந்து, கம்பாகவே இன்னோர் இடத்துக்குப் பயன்படுத்தலாம். ஏற்கனவே எரித்துச் சாம்பலை முருங்கையடியிலோ கீரைப்பாத்தியிலோ கொட்டியிருந்தால், அந்த மேல்மண்ணை அள்ளி, பயிரும் கிணறும் இல்லாத இடத்தில் ஆழக் குழிவெட்டி மூடுவது நல்லது. ஆசனிக் மண்ணின் மேற்பகுதியில்தான் நெடுங்காலம் நிற்கும்.

புகையிரதப் பகுதியிலும் மின்சாரப் பகுதியிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மூத்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், மரக்காலை நடத்தியவர்களும் இருக்கிறார்கள். எந்தக் காலத்தில் எந்தக் கட்டை வந்தது, மேலே என்ன முத்திரை அடித்திருந்தது, பச்சையா கறுப்பா என்பதை அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். சேர்த்து ஒரு பட்டியலாக்கிப் பள்ளிக்கூட விஞ்ஞான அறையிலும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் ஒட்டுவோம்.